சகலையின் பம்புகள்

குழியில் தண்ணீர் இறங்கவில்லை என்று தெரிந்த அன்று மூத்தவருக்கு மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குழியின் விளிம்பில் நின்று உச்சுக்கொட்டினார். கடலுக்கு மிக அருகே, சுற்றுவட்டாரத் தெருக்களின் மழைநீர் வந்து சேர நிலத்தடித் தொட்டி கட்டுவதற்காகத் தோண்டிய குழி அது. கடலோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும். சுற்றிலும் குழாய் இறக்கி, பம்பு வைத்து உறிஞ்சி, அடித்தளம் போட்டு முடியும்வரை அந்த நீரைக் கீழேயே பிடித்துவைக்க வேண்டும். எத்தனை பம்பு தேவை என்று கணக்குப் போட்டவன் இளையவன், மூத்தவரின் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவரும் ஒரே அலுவலகத்தில், ஒரே நிலத்தடி நீர்ப் பிரிவில் வந்து மாட்டிக்கொண்டது யார் செய்த பாவமோ.

அவர் செய்ததுதான். "நம்ம ஆபீஸ்லயே சேர்த்து விடறேன் மாமா" என்று மாமனார் முன்னால் பெருமையடித்தது அவருடைய வாய்தான்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, மாமனார் வீட்டுக் குளியலறையில் வருஷக்கணக்காகத் தேங்கி நின்ற தண்ணீருக்கு இளையவன் ஒரு காலைப்பொழுதில் வழி பண்ணிவிட்டான். "பார்க்கறேன் அத்தை, பார்க்கறேன்" என்று மூத்தவர் தள்ளிப்போட்டு வந்த வேலை. அதற்குப் பிறகு மாமியார் இளையவனுக்கு முகம் பார்த்துப் பரிமாறினாள். மூத்தவருக்குத் தட்டைப் பார்த்துப் பரிமாறினாள். இந்த வித்தியாசம் வேறு யார் கண்ணிலும் படவில்லை. அதுவே அவரை இன்னும் அரித்தது.

குழி விஷயத்திலும் அப்படித்தான். மூத்தவர் கேட்டதில் பாதிப் பம்புகளே போதும் என்றான் இளையவன். மேலதிகாரி உடனே தலையாட்டினார். அந்தத் தலை தனக்காக அவ்வளவு வேகமாக ஆடி மூத்தவர் பார்த்ததில்லை.

இப்போது பம்புகள் இரவும் பகலும் ஓடியும் நீர்மட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. மேலதிகாரி மூத்தவரைத் தனியே அழைத்தார்.

"திங்கட்கிழமை நேர்ல வர்றேன். அதுக்குள்ள இறங்கலைன்னா இந்த சைட்டை நீங்க எடுத்துக்குங்க. கடலோர வேலை மொத்தமும் உங்ககிட்டயே இருக்கட்டும். தம்பி கொஞ்ச நாள் ஆபீஸ்ல உட்காரட்டும்."

அன்று சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றும்போது ஏதோ முணுமுணுத்திருக்கிறார் போல.

"என்னங்க, பாட்டெல்லாம் வருது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை."

"தங்கச்சி பேசினா. அவர் சரியாவே சாப்பிடறதில்லையாம். அந்தக் குழியே நினைப்பாம்."

"பாவம்."

"பாவம்னு சொல்லும்போது பல்லு தெரியக் கூடாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை உப்பளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். பம்பு ஆபரேட்டர் மட்டும் நிழலில் உட்கார்ந்திருந்தார். மூத்தவரின் எண்ணம் எளிமையானது. பம்பு போதாததால்தான் கடல் உள்ளே வருகிறது என்று காட்ட வேண்டும். கடல் வந்தால் உப்பு ஏறியிருக்கும். அந்த அளவைத் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எந்தக் குரலில் சொல்வது என்றுகூட வழியில் ஒத்திகை பார்த்தாயிற்று. வருத்தமான குரல்.

உப்பு குறைந்திருந்தது.

மீட்டரைக் கழுவி மறுபடி வைத்துப் பார்த்தார். தோண்டிய புதிதில் இருந்ததைவிடக் குறைவுதான். அப்போதுதான் தெருப்பக்கச் சுவரோரம், மணல் கசியும் இடத்தில், வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்தார். கிள்ளி எடுத்து முகர்ந்தார். சோப்பு நுரை.

கடல் துணி துவைப்பதில்லை.

பம்புகள் உறிஞ்சிய நீரெல்லாம் தெருவோரத்துப் பழைய செங்கல் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. வீடுகளின் குளியல் தண்ணீரும் அதில்தான் போகும். அவர் போய்க் கால்வாயின் மூடியைத் தூக்கினார். நீர் முழங்கால் உயரத்துக்கு ஓடியது. நீர் போகும் திசையிலேயே தெருமுனைக்கு நடந்து அங்கே ஒரு மூடியைத் தூக்கினார். தரை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். இடையில் மொத்த நீரும் செங்கல் இடுக்குகளில் இறங்கி, மணலுக்குள் ஓசையில்லாமல் நடந்து, புறப்பட்ட குழிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாளாக ஒரே தண்ணீர்தான் வலம் வந்திருக்கிறது.

கணக்கில் தவறில்லை. தவறு கால்வாயில். இளையவன் வேலைக்கு வருவதற்கு முன்பே, "கடல் வரைக்கும் எதுக்குக் குழாய், பக்கத்துலயே கால்வாய் இருக்கே" என்று அதைத் தேர்ந்தெடுத்தவர் மூத்தவர். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

குழாயைக் கடல் வரை நீட்டிவிட்டால் அதே பம்புகளிலேயே நீர் இறங்கிவிடும், இளையவன் ஜெயித்துவிடுவான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு சைட் தன் கைக்கு வரும்.

அவர் மூடியை மெதுவாக, சத்தம் வராமல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை அவர் வரும்போது இளையவன் குழியோரம் காத்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம். கால்வாய் ஒழுகுது. வெள்ளிக்கிழமையே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்க பார்த்து வச்ச கால்வாய். நீங்களே சொன்னா நல்லா இருக்கும்னு நினைச்சேன். நேத்து நீங்களும் மூடியைத் திறந்து பார்த்தீங்கன்னு ஆபரேட்டர் சொன்னார்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பரவாயில்லைண்ணா. என் கணக்குல சின்னப் பிசகுன்னு சொல்லிக்கறேன். எதுக்கும் குழாயை நீட்டிப் பார்க்கலாம்னு கேட்டுக்கறேன். உங்க பேரு வராது."

மூத்தவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பழைய எரிச்சல்தான், முன்னைவிடச் சூடாக. கணக்கும் இவனுடையது சரி. குளியலறையும் இவன். இப்போது பெருந்தன்மையும் இவனுக்கேவா? இவன் பெண்டாட்டியிடம் சொல்வான், அவள் அக்காவிடம் சொல்வாள், அக்கா வாயைத் திறக்காமல் ஒவ்வொரு ராத்திரியும் சோறு போடுவாள். ஆயுசுக்கும் இந்தப் பொடியன் போட்ட பிச்சையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மேலதிகாரியின் வண்டி வந்து நின்றது. இளையவன் ஓரடி முன்னால் வைத்தான். மூத்தவர் அவனை ஏறக்குறைய இடித்துத் தள்ளிக்கொண்டு முந்தினார்.

"சார், பம்பு போதும். கால்வாய்தான் ஒழுகுது. இறைச்ச தண்ணியே திரும்ப வருது. அந்தக் கால்வாயைச் சொன்னது நான்."

"எப்ப பார்த்தீங்க?"

"நேத்து."

"நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருக்கலாம். பண்ணலை."

மேலதிகாரி இளையவனிடம் திரும்பி, "அப்ப கணக்கு சரிதான். சைட் உன்கிட்டயே இருக்கட்டும், குழாயைக் கடலுக்கு நீட்டு" என்றார்.

மூத்தவர் சகலையின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். பார்த்துப் பார்த்துக் கட்டிவந்த பரிசைப் பிரிக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டவன் போல நின்றிருந்தான். சைட் போனது வலித்தது. ஆனாலும் அந்த முகம், ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

குழாய் கடல்வரை போன பிறகு நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. அளவு பார்க்கும் குழாய்க்குள், முனையில் நீர் பட்டால் சத்தம் போடும் டேப்பை இளையவன் விட்டான். நீரைத் தொட்டதும் அது கூவியது.

"சொன்ன மட்டத்துக்கு வந்துடுச்சுண்ணா."

"டேப்பைக் குடு, தம்பி."

"இப்பதானே பார்த்தேன்."

"குடுன்னா குடு."

மூத்தவர் மண்டியிட்டுத் தானே டேப்பை இறக்கினார். அதே இடத்தில்தான் கூவியது. சனியன், அதே இடத்தில்தான். டேப்பை மேலே சுருட்டி, துடைத்து, இன்னொருமுறை இறக்கினார்.