வலப்பக்கம் ஏறும் வெளிச்சம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா.

வங்காளிகள் நிறைந்த டாக்குரியாவில் எங்கள் குடியிருப்பு மாடிப்படியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் வேகிற வாசனை வந்தது. மூன்றாம் மாடி கிரிதர், வங்கி அதிகாரி, மனைவி ஜலஜா கேக் சுடும் மின்அடுப்பில் காரின் ஹெட்லைட்டை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தான். சூட்டில் பசை இளகும், கண்ணாடி மூடி கழன்று வரும், உள்ளே வேறு விளக்கு பொருத்தலாம்.

(முதலில் “சுட்டுக்கொண்டிருந்தார்” என்று மரியாதையாகத்தான் எழுதினேன். கை ஒத்துழைக்கவில்லை.)

2

“கிரிதருக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டைக் கண்டால்

இதை இங்கேயே விட்டுவிட்டேன். சின்ன வயதுக் காரணம் ஒன்று கிடைத்தால் நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியாதா.

“யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதன் ஒருவன்

இதுவும் வேண்டாம். தீங்கு நினைக்காதவன்தான். எரிச்சலே அதில்தான்.

நேராகச் சொல்கிறேன். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போகும். அதனால் விளக்கின் வெளிச்சம் இடது ஓரத்தில் கொஞ்சம் ஏறி விழலாம். வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், எதிரே வருகிறவர் கண் அங்கேதான் இருக்கும். கிரிதர் இணையத்தில் வரவழைத்த விளக்கோ வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்காரருக்குச் செய்தது. காம்பவுண்டுச் சுவரில் அடித்துப் பார்த்தபோதே தெரிந்துபோயிற்று.

“வலது பக்கம் தூக்கிண்டு நிக்கறதே,” என்றாள் ஜலஜா.

“அதான் அழகு. பளிச்னு இருக்கு பாரு.”

“எதிர்ல வரவாளுக்கு?”

“அவா லைட்டை அவா போட்டுக்கட்டும்.”

[இந்தப் பதிலைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று யோசித்தேன். ஆக்கினால் பொய் ஆகிவிடும்.]

3

மஹிமா முதல் மாடி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். துர்கா பூஜையின் அஷ்டமி சாயங்காலம் லேக் கார்டன்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். சந்து முனையில் கிரிதரின் கார் திரும்பியது. அவளுக்கு எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சக்கரம் சாக்கடை விளிம்பில் இறங்க, வலது மணிக்கட்டு முறிந்தது.

கிரிதர்தான் தூக்கினான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதையும் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

மறுநாள் நவமி. கைக்கட்டோடு இரண்டு மாடி ஏறி வந்தாள்.

“கிரி தா, அந்த லைட்டைக் கழட்டிடுங்க.” (‘தா’ என்றால் வங்காளியில் அண்ணா.)

“நீ மெதுவா வந்திருக்கணும்மா.”

“நடக்கிற வேகத்துலதான் வந்தேன். அதைவிட மெதுவான்னா வீட்லயே உக்காந்திருக்கணும்.”

“கழட்டிடறேன், கழட்டிடறேன். ஆனா இன்னிக்கு ஆயுத பூஜை. ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர் எல்லாம் சுவாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்குக் காலம்பர வரைக்கும் தொடப்படாது.”

4

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தில் நடந்தேன்.

ஸ்க்ரூடிரைவருக்குக் குங்குமம் வைத்தாயிற்று, தொடக்கூடாது. சரி. அதே குங்குமம் காரின் நெற்றியிலும் இருக்கிறதே. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்கூட நசுக்கியாயிற்று. சாயங்காலம் கார்டன் ரீச்சில் தம்பி வீட்டுக் கொலுவுக்கு அந்தக் காரில்தான் போகப்போகிறான். ஓட்டினால் தோஷமில்லை, திருத்தினால்தான் தோஷமாம். எந்த சாஸ்திரம் அப்பா இது?*

* கழற்றத்தான் வேண்டும் என்றில்லை. கண்ணாடிமேல் கறுப்பு டேப் ஒட்டி அந்த ஏறுகிற வெளிச்சத்தை மட்டும் மறைக்கலாம். அதற்கு எந்த ஆயுதமும் வேண்டாம். ஜலஜா சொல்லிப் பார்த்தாள். பார்க்க அசிங்கமாக இருக்குமாம்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

தசமி காலையில் கிரிதர் விளக்கைக் கழற்றுகிறான், மஹிமா வீட்டுக்குச் சந்தேஷ் இனிப்பு வாங்கிப் போகிறான். நல்ல முடிவுதான். ஆனால் நவமி சாயங்காலம் கார்டன் ரீச் வரைக்கும் எதிரே வருகிறவர்களை நான் எங்கே ஒளித்துவைப்பது?

மஹிமா போலீசுக்குப் புகார் எழுதுகிறாள். எழுத வேண்டிய கைதான் கட்டுக்குள் இருக்கிறது.

வழியில் கிரிதர் கண்ணிலேயே இன்னொருத்தன் விளக்கு அடித்து, அவன் வண்டி தடுமாறி

மாட்டேன். இவன் திருந்துவதற்காக இன்னொரு எலும்பை முறிக்க மாட்டேன்.

6

இதற்குள் ஜலஜா என்னைக் கேட்காமலே கீழே இறங்கிவிட்டாள்.

பட்டுப்புடவை, கையில் தாம்பூலப் பை. கிரிதர் சாவியைத் திருகி விளக்கைப் போட்டான். அவள் கார்க் கதவுப் பக்கம் போகவில்லை. காருக்கு எதிரே, வெளிச்சம் ஏறுகிற இடத்தில் போய் நின்றாள்.

“வழியை விடு, நாழியாறது.”

“நீங்க இங்க வந்து நில்லுங்கோ. நான் வந்து சுவிட்சைப் போடறேன்.”

“விளையாடறயா?”

“இல்லை.”

“எல்லாரும் பாக்கறா, ஜலஜா.”

“பாக்கட்டும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை.”

கிரிதரின் கை கதவுப்பிடிமேல் இருக்கிறது. இதற்கு மேல் அவனை என்னால் நகர்த்த முடியவில்லை. நான் இறக்கினால் என் கோபம் இறக்கியதாகும், அவன் இறங்கியதாகாது. உங்களுக்கு அவன்மேல் என் அளவு கோபம் இல்லை. அதனால் உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். இறங்க வையுங்கள், இல்லை ஹார்ன் அடிக்க வையுங்கள், உங்கள் இஷ்டம்.

மெதுவாக யோசிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கண்ணுகளா. அவள் கண்ணை மூடாமல் நிற்கிறாள்.