நேற்றைய டெஸ்ட் ஃபைல்

காலை எட்டேமுக்காலுக்கு ஸ்டோரேஜ் அக்கா டீக் கோப்பையோடு உட்கார்ந்து டெஸ்ட் கிளஸ்டரைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு ஃபைல்கூட இல்லை. வழித்துத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

அக்கா என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தொன்று. அந்த அலுவலகத்துச் சேமிப்பு இயந்திரங்களைக் கட்டி மேய்ப்பவள் என்பதால் எல்லாரும் வைத்த பெயர் அது. கல்யாணமாகி இரண்டு வருடம். கணவனுக்கும் அதே கம்பெனி, அதே வேலை. ஆனால் ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் இன்னொரு கிளையில். டெஸ்ட் கிளஸ்டர் என்பது ஆறு பழைய இயந்திரங்கள். மூன்று இங்கே, மூன்று அங்கே. ஆறும் சேர்ந்து ஒரே அலமாரியாக வேலை செய்யும். அங்கே வைத்த ஃபைலை இங்கே எடுத்துப் படிக்கலாம். புருஷன் பெண்டாட்டிக்கு வாய்க்காத கொடுப்பினை அந்தத் தகரப் பெட்டிகளுக்கு வாய்த்திருந்தது. என்னத்தைச் சொல்ல!

அந்த மனுஷனோடு போனில் பேசிப் பார்த்தால் தெரியும் சங்கதி. சாப்பிட்டீங்களா என்றால் "ம்." என்ன பண்றீங்க என்றால் "சும்மாதான்." அப்புறம் என்றால் "நீதான் சொல்லணும்." அக்காவின் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டே விட்டாள். மாற்றல் கேட்டு இங்கே வந்து சேர்கிற பேச்சையும் அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. இவளாக எடுத்தாலும், "பாக்கலாம்" என்பதோடு சரி.

ஆனால் அதே மனுஷன் டெஸ்ட் ஃபைலில் பேசினார். தினமும் சாயங்காலம் கிளஸ்டரில் புதிதாக ஒரு ஃபைலை எழுதி வைப்பது அவர் வேலை. ஒரே எழுத்தைத் திருப்பித் திருப்பி அடித்தால் இயந்திரம் அதைச் சுருக்கிக் கடுகாக்கிவிடும், சோதனை பொய்யாகிவிடும். வேறு யாராக இருந்தாலும் கன்னாபின்னா எழுத்துகளைக் கணினியே கொட்டட்டும் என்று விட்டிருப்பார்கள். இவர் உட்கார்ந்து இரண்டு பக்கம் தட்டச்சு செய்தார். டெஸ்ட் ஃபைலை எவன் படிக்கப் போகிறான் என்ற தைரியம். வாங்கிய இரண்டு தலையணையில் ஒன்று அழுக்கே ஆகவில்லை என்று ஒருநாள் எழுதியிருந்தார். மாடிப்படியில் யாரோ அவளைப் போலவே இருமினார்கள், கதவைத் திறந்து பார்த்தேன், வேறு யாரோ என்று இன்னொரு நாள்.

எட்டு மாதமாக அக்கா ஒவ்வொரு காலையும் டீயோடு அதைத்தான் படித்தாள். அவரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் நத்தை மாதிரி உள்ளே இழுத்துக்கொள்வார் என்று பயம். படிக்கப் படிக்க அவர்மேல் ஆசையும் வரும், கூடவே எரிச்சலும் வரும். இவ்வளவு ஏங்குகிற ஆள் வாய் திறந்து ஒரு மாற்றல் கேட்கக்கூடாதா?

புது வெர்ஷனுக்காகப் பழைய ஃபைல் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும்படி உத்தரவு வந்திருந்தது. இன்று பதினொரு மணிக்கு, அக்காவின் கையால். அதற்குள் எல்லாவற்றையும் தன் கணினியில் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். முன்பே ஏன் எடுக்கவில்லை என்றால், கிளஸ்டர் எதையும் மூன்று நகலாக வைத்திருக்கும் என்ற மிதப்பு. வட்டு கெட்டால்தான் மூன்று நகல் காப்பாற்றும், அழித்தால் மூன்றும் சேர்ந்தே போகும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிறவள் அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

உடனே அவருக்குப் போன் போட்டாள்.

"பழைய ஃபைல் சிஸ்டம் எங்கங்க?"

"நான்தாம்மா காலையிலயே வந்து எடுத்துட்டுப் புதுசு போட்டேன். இன்னிக்கு வேலை ஜாஸ்தின்னு சொன்னியே."

ஃபைல் சிஸ்டத்தை எடுத்தால் போவது பெயர்ப் பதிவேடு மாதிரிதான். உள்ளே இருக்கும் சரக்கு, தொட்டி என்று அவர்கள் சொல்லும் சேமிப்பிடத்தில் அப்படியே கிடக்கும். தொட்டியைத் தனியாக அழித்தால்தான் அதுவும் போகும். அவளுக்கு உயிர் வந்தது.

"தொட்டி இருக்குல்ல?"

"அதையும் அழிச்சுட்டுத்தான் போட்டேன். அரைகுறையா விடக்கூடாதுல்ல."

அது லேசில் அழியாது. ஃபைல் சிஸ்டத்தை எடுக்க, 'ஆமாம், நிஜமாகத்தான் சொல்கிறேன்' என்று கட்டளையிலேயே எழுத வேண்டும். தொட்டியை அழிக்க அதன் பெயரை இரண்டு தடவை எழுதி, 'நிஜமாக, நிஜமாகவே சொல்கிறேன்' என்றும் எழுத வேண்டும். கல்யாண மேடையில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். பாவி மனுஷன், பெண்டாட்டிக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அத்தனையையும் ஒன்றுவிடாமல் எழுதி அழித்திருக்கிறார்.

அக்கா அழுதுவிட்டாள். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போனார்.

"ஏம்மா, டெஸ்ட் டேட்டாதானே?"

"நீங்க எழுதினதெல்லாம் அதுலதானே இருந்துச்சு."



"படிச்சியா?"

"எட்டு மாசமா. ஒருநாள் விடாம. நேத்து எழுதினது மட்டும்தான் பாக்கி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நேத்து என்ன எழுதுனீங்க?"

"திரும்ப எழுதி வைக்கிறேன், பாத்துக்கோ."

"வேணாம். வாயால சொல்லுங்க."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"மாற்றல் கேட்டிருந்தேன்" என்றார். "நேத்து பதில் வந்துச்சு. முடியாதுன்னுட்டாங்க. இது மூணாவது தடவை."

"மூணாவதா? எப்பங்க கேட்டீங்க?"

"கல்யாணமான மாசமே ஒண்ணு எழுதிக் குடுத்தேன். போன வருஷம் ஒண்ணு."

இரண்டு வருடமாக இவரை மனசுக்குள் கரித்துக் கொட்டியதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல நீங்க."

"கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேம்மா. கிடைக்கவே இல்ல."

"கிடைக்கலன்னாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் அக்கா. "நீங்க மாற்றல் கேக்கவே இல்லன்னு நெனச்சே ரெண்டு வருஷத்தைத் தள்ளிட்டேங்க."