ஒரே வைக்கோலுக்கு மூன்று அம்புக்குறி

1

இந்தக் கதை என் மனதில் உதித்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு பண்ணை வாசலில் மாட்டியிருந்த பலகையிலிருந்து பிறந்தது. பலகையில் ஒரு பெரிய வட்டம்: வயல், மாடு, எருக்குழி, மிளகாய்ப் பாத்தி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள். கீழே, ‘இங்கே எதுவும் வீணாவதில்லை.’ சிறந்த சுழற்சிப் பண்ணைக்கு விருது கொடுக்கும் குழு வரப்போகிறது, அவர்கள் கையில் கொடுக்க நெகிழ்ச்சியாக நாலு பக்கம் வேண்டும் என்று பண்ணைக்காரர் என்னைப் பிடித்தார். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் ‘வட்டம்’. கேலி என்று இன்னும் அவருக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: “இயற்கை அன்னையின் மடியில், பொன்னிறக் கதிரவன்...”

வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

அடுத்தது: “பசியெடுத்த மாடு ஒன்று...”

இது உண்மை. ஆகவே நெகிழ்ச்சியில் இதற்கு இடமில்லை.

3

பசியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் வைக்கோலிலிருந்து மூன்று அம்புகள் கிளம்புகின்றன: மாட்டின் வாய்க்கு, எருக்குழிக்கு, மிளகாய்ப் பாத்திக்கு. பாத்தியில் வைக்கோலைப் பரப்பி மூடினால் மண்ணின் ஈரம் காயாது, மூடாக்கு என்பார்கள். மூன்றும் நல்ல காரியம்தான். இருப்பதோ ஒரே வைக்கோல்போர். மழை ஏமாற்றியதில் அதுவும் பாதியாகச் சுருங்கியது. அம்புகள் சுருங்கவில்லை. குழு பாத்தியைப் பார்க்கும், குழியைப் பார்க்கும், மாட்டின் வயிற்றையா பார்க்கும் என்று யோசித்த வட்டம், போரை மொத்தமாகப் பிரித்துப் பாத்தியிலும் குழியிலும் போட்டுவிட்டார். மாடு நிறைசினை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நிறைசினையில் வயிறு காய்ந்தால் கன்றும் தேறாது, பாலும் தேறாது. இதை அழகாக எழுத வரவில்லை. அதனால்தான் அடைப்புக்குறிக்குள் அடைத்தேன்.)

4

அவர் மனைவியைப் பொறுமைசாலியாக எழுத ஆசைப்பட்டேன். “அவள் மௌனமாகக் கண்ணீர்...” என்று தொடங்கும்போதே தொழுவத்திலிருந்து சத்தம்.

“ஏங்க, மாட்டுக்கு என்னத்தப் போடுறது? அம்புக்குறியையா?”

“ரெண்டு நாள் பொறு. குழு வந்துட்டுப் போகட்டும்.”

“அத மாட்டுகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா இந்த வீட்டுல யாரு கேக்குறா?”

“பாத்தியில மட்டும் கை வைக்காத. மண்ணு தெரிஞ்சா மானம் போயிடும்.”

“மாட்டுக்கு எலும்பு தெரியுது. அதுக்குப் போகலையா?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, இதையும் எழுதிக்குங்க. இங்க எதுவும் வீணாகக் கூடாதாம்.”

5

குழு வந்த காலையில் மனைவி மாட்டை அவிழ்த்துவிட்டார். அது நேராகப் பாத்திக்குப் போய் மூடாக்கைத் தின்ன ஆரம்பித்தது. குளம்படியில் மிளகாய்க் கன்றுகள் நசுங்கின. வட்டம் அலறிக்கொண்டு ஓடினார். குழுத் தலைவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஓட்டாதீங்க! வைக்கோல் மாட்டுக்கு, சாணி மண்ணுக்கு, நடுவுல மனுசக் கையே இல்ல! இதத்தானய்யா ஊர் ஊரா தேடுறோம். போட்டோ எடுங்கப்பா!”

மாடும் ஒத்துழைத்து வாலைத் தூக்கியது. கைதட்டல்.

6

முடிவு ஒன்று: வட்டம் மேடையேறி, கண்கலங்கி... (இதை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.)

முடிவு இரண்டு: வட்டம் மனம் திருந்தி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு... (மாடு சம்மதிக்காது. அதன் வாய் வேலையாக இருக்கிறது.)

இரண்டும் வேண்டாம். தலைவர் கேட்கிறார்: “தினமும் இப்படித்தானே மேய விடுவீங்க?” ஆமாம் என்றால் விருது, மிளகாய் போச்சு. இல்லை என்றால் மாட்டை ஓட்டியாக வேண்டும். மிச்சக் கன்றுகள் பிழைக்கும், மாடு மறுபடியும் பட்டினி. வட்டம் மாட்டையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்க்கிறார். மனைவி வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“சொல்லுங்க. நானும் கேக்குறேன்.”

வட்டத்துக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன். ஒன்றும் அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள். பதில் வரும்வரை மாடு தின்னும்.