சிபாரிசுக்கு ஓர் ஆள்

கண்டியில் வார இறுதியில் நடக்கும் வணிக முகாமைத்துவப் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்தபோது லோஜினியைப் படிப்பு பயமுறுத்தவில்லை. 'படித்து முடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?' என்ற ஒற்றைக் கேள்விதான் அவளை ஆட்டிப் படைத்தது.

"ஹோட்டல் மேனேஜராகணும்னு எழுதிடு," என்றான் கணவன் ஜெயராஜ். புசல்லாவையில் பாடசாலை ஆசிரியன் அவன். "இப்ப நீ பார்க்கிற வேலைக்கும் பொருந்தும். யாரும் துருவித் துருவிக் கேக்க மாட்டாங்க."

கண்டியில் ஒரு ஹோட்டலில் அறைகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள் லோஜினி. அவன் சொன்னபடியே எழுதி வாசித்துப் பார்த்தாள். யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதியது போலிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சின்ன விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்குவதே தன் நோக்கம் என்று எழுதி அனுப்பினாள்.

அந்தத் தொழிலை அவள் ஏற்கெனவே ஒருமுறை தொடங்கி, அது படுத்தும் போயிருந்தது. அதை மட்டும் எழுதவில்லை.

போன வருஷம் நாத்தனார் தர்ஷிகாவோடு சேர்ந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்தாள். கிடைத்த ஒரே வாடிக்கையாளர் பாரூக். கண்டிக் குளத்துக்கு மேலே, சரிவில் விடுதி நடத்துபவர். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு மழை பிடித்தது. புசல்லாவை மழை லேசில் விடுகிற மழையா? படுக்கை விரிப்புகள் காயாமல் முடை நாற்றம் எடுத்தன. வெள்ளைக்காரப் பயணிகள் முகம் சுளித்தார்கள். பாரூக் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அதோடு சரி.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. சொந்தத் தொழில் என்று எழுதியவர்கள், தங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒருவரின் பெயரையும் இலக்கத்தையும் தர வேண்டுமாம். அவரோடு பேசிப் பார்ப்பார்களாம்.

"பாரூக்கை விட்டா ஆளில்லையே," என்றாள் லோஜினி.

"பேசாம மேனேஜர்னே எழுதியிருக்கலாம்," என்றான் ஜெயராஜ். அவள் முறைத்ததும், "சரி, போய்க் கேளு. மனுசன் கடிச்சா திங்கப் போறாரு?" என்று சிரித்தான்.

மறுநாள் வேலை முடிந்து மேடேறினாள். விடுதி வாசலில் பாரூக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க புள்ள. எவ்வளவு நாளாச்சு! உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பாரூக் தாடியைத் தடவினார்.

"கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன். பொய் சொல்ல ஏலாது."

"சரிங்க பாய்," என்றாள். இறங்கி வரும்போது, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். வேறு ஆளில்லாததால் அவர் பெயரையும் இலக்கத்தையுமே கல்லூரிக்குக் கொடுத்தாள்.

ஆனாலும் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் திருச்செல்வம், யாழ்ப்பாணத்துக்காரர், மூத்த விரிவுரையாளர். அதுவரை ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்த பேச்சைச் சட்டென்று தமிழுக்குத் திருப்பினார்.

"பிள்ளை, தொழில் எண்டு எழுதுற முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு கனவு மட்டும்தான். உங்கட தொழில் விழுந்துபோனா என்ன செய்வீங்கள்?"

இதற்கென்று ஜெயராஜோடு உட்கார்ந்து தயாரித்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை.

"அது ஒரு தடவை விழுந்திருச்சுங்க சார்," என்றாள்.

திருச்செல்வம் மற்ற இருவரையும் பார்த்தார். "ஓம், பாரூக் சொன்னவர்."

லோஜினி மடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள்.

"துணி நாறினதையும் சொன்னவர். அண்டைக்கே நீங்கள் நேரில வந்து பிழையை ஏற்றுக்கொண்டு, அவ்வளவு துணியையும் கண்டியில வேற இடத்தில வெளுப்பிச்சுக் குடுத்துட்டுத்தான் போனனீங்களாம். திருப்பித் தொடங்கினா முதல் மூட்டை தன்ரதுதான் எண்டவர்."

ஓரத்தில் இருந்த பெண் விரிவுரையாளர் தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, எங்க பிழைச்சது எண்டு சொல்லுங்கோ," என்றார் திருச்செல்வம்.

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மழையைச் சொன்னாள், காய வைக்க இடமில்லாததைச் சொன்னாள், ஒரே ஆளை நம்பி இறங்கியதைச் சொன்னாள். விலை போடத் தெரியாமல் போட்டதையும், அதைக் கற்றுக்கொள்ளத்தான் இங்கே வந்திருப்பதையும் சொன்னாள். அவர்கள் எதிர்க்கேள்வி கேட்டார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். கடைசியில் திருச்செல்வம், "சனிக்கிழமை விடியப் புசல்லாவையில இருந்து வந்து சேருவீங்களோ?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

வெளியே வந்து ஜெயராஜுக்குப் போன் செய்தாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றாள்.

"எல்லாத்தையுமா? நாத்தத்தையுமா?"

"அதத்தான் மொதல்ல."

அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் கம்பளை வருவதற்குள் கண் அசந்துவிட்டது. புசல்லாவை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. றம்பொடையில் கண்டக்டர் தோளைத் தட்டி, "அக்கா, எங்க எறங்கணும்?" என்று கேட்டபோதுதான் விழித்தாள்.

அடுத்த கிழமை அனுமதி கிடைத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. நேர்முகப் பரீட்சை அன்றைக்குப் பஸ்ஸில் தூங்கி, றம்பொடையிலிருந்து அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டியிருந்ததை மட்டும் ஜெயராஜிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.