கீழ, கீழ, என்டர்

என் தம்பிக்குக் கை சும்மா இருக்காது. விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸ்ல புதுசா எது வந்தாலும் என் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பாப்பான், பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குத் தாவுவான். அவன் லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதாம். இளிச்சவாயி நான்தான்.

எனக்குக் கண்ணு தெரியாது. கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா முதல்ல வர்றது பூட்லோடர், எந்தச் சிஸ்டத்துக்குள்ள போகணும்னு பட்டியல் போட்டுக் கேக்குற வாட்ச்மேன். திரையைப் படிச்சுச் சொல்ற குரல் உள்ள போன பிறகுதான் பேசும். அதனால பழைய பூட்லோடர்ல தம்பியே எனக்கு ஒரு பீப் சத்தம் வெச்சுக் கொடுத்திருந்தான். பீப் கேட்டா கீழ, கீழ, என்டர். என் விண்டோஸ் வந்துடும். யாரையும் கூப்பிட வேண்டாம்.

அன்னிக்குக் காலையில ஆன் பண்றேன், பீப்பைக் காணோம். குத்துமதிப்பா கீழ, கீழ, என்டர் தட்டினேன். பேச்சு மூச்சில்லை. இன்னும் கொஞ்ச நேரத்துல வேலைக்கான தேர்வு. டாக்டர்கள் பேசி அனுப்பறதைக் கேட்டு வீட்லேர்ந்தே டைப் அடிக்கிற வேலை. எத்தனை நாள் காத்திருந்து கிடைச்ச வாய்ப்பு. அறையில வேற யாரும் இருக்கக் கூடாது, மேற்பார்வை பாக்குற மேடம் போன்லயே இருப்பாங்க. நடுவுல தேர்வு சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணும்.

தம்பியை உலுக்கி எழுப்பினேன். ராத்திரி புது பூட்லோடர் போட்டானாம், படம் படமா அழகா இருக்காம்.

"யாருக்குடா அழகு?"

நானே விண்டோஸை எடுத்து விடறேன்க்கான்னான். நடுவுல ரீஸ்டார்ட் ஆகும்போது ஜன்னல் வழியா குதிச்சு வருவியான்னு கேட்டேன். அப்பதான் அவனுக்கு உறைச்சுது.

பென்டிரைவைச் செருகிப் பழைய பூட்லோடரைத் திரும்ப ஏத்த உக்காந்தான். நான் அறைக்கும் சமையலறைக்கும் நடையா நடந்தேன். அம்மா உக்காரச் சொன்னாங்க. உக்காந்த உடனே எழுந்துட்டேன். பட்டியல் வந்துடுச்சுன்னான். பீப் வரலை. பீப் அடிக்கச் சொல்லி எழுதின கட்டளை வரி அவன் அழிச்ச லினக்ஸோட போயிடுச்சாம், என்ன எழுதினான்னும் ஞாபகம் இல்லையாம். எனக்காகச் செஞ்சதையே மறந்துட்டான். கோவத்தைவிட அதுதான் வலிச்சுது.

எங்கெங்கயோ தேடி அந்த வரியை மறுபடி எழுதினான். ஆன் பண்ணிப் பாத்தோம். சரியா அந்த நேரம் பாத்து மேடம்கிட்டேர்ந்து போன் அலறுச்சு. பீப் வந்துதா இல்லையான்னு ரெண்டு பேருக்குமே தெரியலை. அவனே விண்டோஸை எடுத்து விட்டுட்டு வெளிய ஓடிக் கதவைச் சாத்தினான்.

முதல் பகுதி எப்படி அடிச்சேன்னே தெரியாது, காது பூரா அந்த ரீஸ்டார்ட் மேலயே இருந்துது. வந்துது. ஃபேன் சத்தம் நின்னுட்டு மறுபடி கிளம்புச்சு. விரலைக் கீழ் அம்புக்குறி மேல வெச்சேன். ஒண்ணுமில்லை. இன்னும் ஒண்ணுமில்லை. வேலை போச்சுன்னு நினைச்சேன்.

பீப்.

கீழ, கீழ, என்டர். என் குரல்காரி பேச ஆரம்பிச்சா. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொப்புன்னு தரையில உக்காந்தது கேட்டுது.

மேடத்துக்கும் கேட்டிருக்கும் போல. ரீஸ்டார்ட் பண்ண யாராவது கூட இருந்து உதவினாங்களான்னு கேட்டாங்க.

"இல்லை மேடம். நானேதான் பண்ணினேன்."