பெட்டியில் மிஞ்சிய பாதி

1

இந்தக் கதை என் தோழி இஃப்பத் வீட்டுப் பீரோவிலிருந்து வந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் அவள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சாமான் ஒதுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். அடித்தட்டில், அவள் மாமியார் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணி. தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கே, எந்தக் கடை?" என்றேன்.

"அது கபன்க்கா. மௌத்தானா, செத்த உடம்புல சுத்துறது. அதுக்கும் கடை கேக்குற ஒரே ஆளு நீங்கதான்!"

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'எந்தக் கடை, எந்த மில்லு' என்று வீடு வீடாகத் துணியைப் புரட்டிப் பார்த்த காலம் ஒன்று இருந்ததே?

2

முதல் தொடக்கம்: 'கிலாபத்துக் கொடியும் ராட்டைக் கொடியும் இணைந்து பறந்த அந்தப் பொன்னான...'

வேண்டாம். மேடைப் பேச்சு. நான் குடும்பக் கதை எழுதுகிறவள். பெட்டியைத் திறந்தால்தான் எனக்குக் கை ஓடும்.

இரண்டாவது: 1921, திண்டுக்கல். கிலாபத்துக்காரர்களும் காங்கிரஸ்காரர்களும் சேர்ந்து சீமைத் துணியை எரிக்க நாள் குறித்துவிட்டார்கள். பெண்களிடம் துணி கேட்கும் பொறுப்பு காதர் பீவிக்கு. தோல் மண்டி வைத்திருந்த கணவனைப் பறிகொடுத்தவள். கூடப் போகிறவள் சரஸ்வதி, நிலக்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண். கேட்கலாம், பறிக்கக் கூடாது. ஒருமுறை மறுத்தவரை மறுமுறை கேட்கக் கூடாது. அதுதான் விதி. காதர் பீவி கேட்ட அன்றே சரஸ்வதி சீமைப் பட்டில் எடுத்த தன் முகூர்த்தப் புடவையைக் கொடுத்துவிட்டாள்.

[அதற்குச் சரஸ்வதியின் மாமியார் போட்ட சண்டையை மூன்று பக்கம் எழுதி நீக்கினேன். நன்றாகத்தான் இருந்தது.]

3

எரிப்பு நாளன்று காலை, காதர் பீவியின் பெட்டியை நகர்த்தக் கைகொடுத்த சரஸ்வதி, மூடி திறந்துகொண்டதும் உள்ளே பார்த்துவிட்டாள். வெள்ளைத் துணி. ஓரத்தில் சீமை மில்லின் நீல முத்திரை.

"இது என்ன பீவியம்மா?"

"என் கபன்."

"சீமைத் துணி."

"அவரு மக்காவுலருந்து கொண்டாந்தது, புள்ள. அங்க ஜம்ஜம் ஊத்துலருந்து எடுத்த தண்ணியில நனைச்சு ரெண்டாக் கிழிச்சோம். ஒரு பாதி அவரோட மண்ணுக்குள்ள போயிருச்சு. இது என் பாதி."

"என் சேலையும் ஒருத்தரு ஆசையா எடுத்தாந்ததுதான். நீங்க கேட்டீங்க, குடுத்தேன்."

"அப்ப நீயும் கேளு."

"கேட்டாச்சு. குடுங்க."

காதர் பீவி பெட்டியை மூடினாள். "மாட்டேன்."

விதிப்படி அதோடு முடிந்தது. சரஸ்வதிக்கு முடியவில்லை. 'நம்ம சேலை தீயில, அவங்க துணி பெட்டியில' என்று தெருவில் ஒரு வாய் சொன்னால் போதும், இரண்டு கொடியும் இரண்டு பக்கம் போய்விடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் நெஞ்சை அறுத்தது.

4

ஒரு முடிவு: காதர் பீவி தானே துணியைத் தீயில் போடுகிறாள். அழுதுகொண்டே எழுதி, இஃப்பத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"அழுதது நீங்க. துணி போனது அவளுக்குல்ல?" என்றாள்.

இன்னொன்று: சரஸ்வதி ஓடிவந்து தடுத்து, காதர் பீவியைக் கட்டிக்கொள்கிறாள்.

"அப்ப அந்தப் புள்ள சேலை?" இதுவும் இஃப்பத்தான். அவளை வைத்துக்கொண்டு ஒரு கதையை முடிக்க முடியாது.

5

எனவே இங்கே நிறுத்துகிறேன்.

மைதானத்தில் முகூர்த்தப் புடவையின் கரை சுருண்டு கருகுகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு காதர் பீவி வருகிறாள், கையில் வெள்ளைப் பொட்டலம். சரஸ்வதிக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறாள்:

"இன்னொரு தடவ நீ கேக்கக் கூடாது. அதான் நான் கேக்குறேன். போடவா, வேணாமா? நீ சொன்னாச் சரி."

சரஸ்வதி வாயைத் திறக்கிறாள்.

அவள் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன், உங்கள் கல்யாணப் புடவை இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.