நைனாவின் கட்டத்தில் ஒரு பெயர்

செத்துப்போனவருக்குப் பிள்ளை பிறக்குமா? பிறக்காது என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொன்னது. அந்தப் பிள்ளை நான்தான்.

குடும்ப மரம் போடுவதற்கென்று இன்டர்நெட்டில் இலவசமாக ஒரு மென்பொருள் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் அவரவர் ஊரிலிருந்தே பெயர்களைச் சேர்க்கலாம். வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் வேலைக்குப் போகிறவள் நான். போகிற வழியெல்லாம் போனில் அதைத்தான் நோண்டிக்கொண்டிருப்பேன். நைனாவை "வேலு, சுரங்கத் தொழிலாளி" என்று ஏற்றினேன். ஆம்பூர் பக்கம் எங்கள் பூர்வீக ஊரில் இருக்கும் ரூபேஷ், எனக்கு அண்ணன் மகன் முறை, அதே வேலுவுக்கு "1966-ல் காலமானார், திருமணம் ஆகவில்லை" என்று ஏற்றியிருக்கிறான். 1974-ல் பிறந்த என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: தந்தை இறந்த பின் குழந்தை பிறந்துள்ளது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ரூபேஷுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா, எங்க நைனாவ எனக்கு முன்னாடியே சாவடிச்சிட்ட?"

"ஐயோ அத்தை, வேலு தாத்தா காமாலையில பூட்டாரு. வருஷா வருஷம் ஆடிக்கு எலை போட்டுப் படைக்கிறோமே. உங்க நைனா அவரு தம்பி."

"தம்பி பேரு இன்னா?"

"கோலார் தாத்தான்னுதான் சொல்லுவோம். பேரு யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்து ஆளுங்க ஒருத்தரும் இல்ல அத்தை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். போய் எதிரே உட்கார்ந்து, "நைனா பேரு வேலு இல்லியா?" என்றேன். அம்மாவின் கை நின்றது.

"எவன் சொன்னான்?"

சொன்னேன். அம்மா கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த நைனாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு ஊர்க்கதை பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"மைன்ஸ்ல அவங்க அண்ணனுக்குத்தான் வேல கெடச்சுது. டோக்கன் வந்த வாரமே ஆளு பூட்டாரு. ஊட்ல சோத்துக்கு வழியில்ல. உங்க நைனா அண்ணன் பேரு போட்ட அந்த டோக்கன எட்த்துகினு, ஆளுங்கள சுரங்கத்துல எறக்கற கேஜ்ல ஏறிட்டாரு. கீழ எறங்கினவரு மேல வரும்போது வேலுவாத்தான் வந்தாரு. வெளிய மூச்சு விடாத, வேல பூடும்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. வருஷாவருஷம் பென்ஷனுக்காகப் பேங்கில் புருஷன் பெயரைக் கேட்பார்கள். பக்கத்து வீட்டு ரத்தினம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு, "நீயே சொல்லு நளினி" என்று என் தோளை இடிப்பாள். எங்கள் அம்மா மட்டும் கணீரென்று "வேலு" என்பாள். என் அம்மா எவ்வளவு தைரியசாலி என்று நான் பீற்றிக்கொள்ளாத இடமில்லை! கட்டினவர் பெயரை அவளும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

"மைன்ஸ் மூடியாச்சு. நைனாவும் இல்ல. நெஜப் பேர சொல்லும்மா."

"புருஷன் பேர சொல்றதா? போடி."

"எழுதிக் காட்டு."

"எழுதினா மட்டும் சொன்ன மாதிரி இல்லியா?"

அந்த நேரம் பார்த்து பெங்களூரிலிருந்து தம்பி மனோகர் கூப்பிட்டான். ரூபேஷ் அவனிடமும் ஊதியிருக்கிறான்.

"அக்கா, ஏன் சும்மா கெளறினு இருக்க? ஆதார்லேர்ந்து எல்லாத்துலயும் வேலுதான். அப்டியே உட்டுடு. ரூபேஷ் போட்டத அழிச்சிடு."

"செத்துப்போன பெரியப்பாவ அழிக்கணுமா? அந்த மனுஷன் பேர நாம தின்னது போதாதா? ரெக்கார்டு கம்பெனிக்குடா. இது நமக்கு. நைனா பேரு தெரியாம நான் விடமாட்டேன்."

போனைக் கட் பண்ணாமல் ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பை இழுத்தேன். வேலுவை அவர் இடத்திலேயே, கல்யாணமாகாதவராக விட்டேன். பக்கத்தில் தம்பிக்கு ஒரு புதுக் கட்டம் திறந்தேன். பெயரைக் காலியாக விட்டால் மென்பொருளே நிரப்பிக்கொள்கிறது: "பெயர் தெரியவில்லை". அந்தக் கட்டத்திலிருந்து பார்வதம்மா என்ற அம்மாவின் கட்டத்துக்குக் கல்யாணக் கோடு போட்டேன். கீழே நளினி, மனோகர்.

முப்பது வருஷத்துக்கு மேல் பாறைக்குள் வெந்த மனுஷன், கடைசியில் பெயர் தெரியாதவராக உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பெயரைப் படித்தாள். கோட்டின் மேலே விரலை வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்ப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இன்னாடி இது? பேரு தெரியாதவனுக்கா நான் வாக்கப்பட்டேன்?"

"நீ சொல்லலியே. நான் இன்னா பண்ணட்டும்?"

"எடுடி அத!"

"சொன்னா எடுக்கறேன்."

பருப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "கோச்சிக்காத" என்றாள். பிறகு சொன்னாள்.

"ஏகாம்பரம்."

சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாம் முறை சரியாக வந்தது. ஏகாம்பரம், பார்வதம்மா. சேவ் பண்ணியதும் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு எழுத்து மறைந்தது.

போனில் மனோகர், "அக்கா, இன்னா ஆச்சு? அம்மா இன்னா சொன்னாங்க?" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் எடுப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"உங்க நைனா பேரு ஏகாம்பரம்டா," என்றாள், பேங்கில் சொல்வாளே அதே கணீர்க் குரலில். "அந்த ரூபேஷ் பையனுக்கும் சொல்லிடு. வர்ற ஆடிக்கு ரெண்டு எலையா போடச் சொல்லு."